ஓரத்தில் மறைந்த புள்ளி

நகலெடுக்கும் இயந்திரங்களுக்கு லென்ஸ் வடிவமைப்பது என் வேலை. கணவருக்குக் கொடைக்கானலில் பள்ளி ஆசிரியர் பணி என்பதால், வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்த்தேன். நிறுவனம் ஒரு ஜூம் லென்ஸ் கேட்டது. அது தாளின் பிம்பத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வேண்டும். ஆனால் லென்ஸ் குட்டையாகவும் மலிவாகவும் இருக்க வேண்டும். அதனுள் அடுக்கியிருக்கும் கண்ணாடி வில்லைகளில் இரண்டை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வைத்தேன். கணக்கெல்லாம் சரியாக வந்தது.

சோதனை இயந்திரத்தைக் கடைவீதியில் நகல் கடை வைத்திருந்த ஒரு அக்கா ஏற்றுக்கொண்டார். மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை, அவர் தன் கணவரின் மருந்துச் சீட்டைச் சட்டைப்பைக்கு அடங்கும்படி சிறிதாக்கி நகலெடுத்து, வத்தலக்குண்டுக்கு மருந்து வாங்கப் போன தன் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். சீட்டில் இருந்தது, இதய நோயாளிக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. இரண்டு மணி நேரம் கழித்து, குளிர் விடுமுன்பே, தம்பியிடமிருந்து போன் வந்தது. போனை எடுத்த அக்காவின் பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன்.

"இருபத்தஞ்சா? ஏலே, அது ரெண்டரை மில்லிகிராம்! நடுவுல புள்ளி கெடக்கும் பாரு."

புள்ளி இல்லை. மருந்துக் கடைக்காரருக்குச் சந்தேகம் வந்ததால்தான் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

அக்கா மூலச் சீட்டை என் முன் வைத்தார். மறுபடி நகலெடுத்தேன், தாளின் ஓரத்தில் எழுத்துகள் மங்கின, புள்ளி விழவே இல்லை. வெயில் ஏறியபின் எடுத்ததில் தெளிவாக விழுந்தது. குளிரில் பிளாஸ்டிக் சுருங்கிக் குவியம் விலகியிருந்தது.

மேலாளரிடம் சொன்னேன். "அந்தக் குளிர் உங்க ஊர்ல மட்டுந்தானே? கையேட்டுல ஒரு வரி போட்டுடலாம்" என்றார்.

"கையேட்டை யார் சார் படிக்கிறாங்க?"

பல வாரம் வாதாடி, ஒரு வில்லையை மீண்டும் கண்ணாடியாக்கினேன். லென்ஸ் நீண்டது, மங்கல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. மிகச் சிறிய அளவில் நகலெடுக்கவே முடியாதபடி செய்யச் சொன்னேன். வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டு, இயந்திரத்தை விற்பனைக்கு அனுப்பினார்கள்.

அக்கா பழைய இயந்திரத்துக்கே திரும்பிவிட்டார். "உங்க மேல கோவமில்லைங்க. இந்த மெஷின் மட்டும் வேணாம்."

"மத்தவங்களும் இதுல எடுத்துட்டுப் போயிருப்பாங்களே அக்கா. அவங்ககிட்ட சொல்லணுமே?"

"ஆடலூர்லருந்து வந்தாங்க, பூண்டிலருந்து வந்தாங்க. யாருன்னு போய்த் தேடுவேன்?"