விரலில் சுற்றியிருந்த துணி

மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தேன். பரீட்சை ஹாலில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது என் பொறுப்பு. என் வேலையில் ஒருத்தரும் குறை சொன்னது கிடையாது.

அன்று பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருந்தார்கள். சின்ன வயசிலிருந்து ஒன்றாகவே திரிகிறவர்கள். ஒருத்தி வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்தாள். எங்கள் பக்கம் அது புதுசு இல்லை. கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்தோலை வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைப்போம். அப்பர் என்போம். மெழுகு நூலை இழுத்து இழுத்து விரல் பிளந்துவிடும். பரீட்சை சமயத்தில்தான் அவசர ஆர்டரும் ஜாஸ்தி வரும். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் இந்தப் பெண்தான் உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

மேற்பார்வைக்கு வந்த சார் வெளியூர்க்காரர். துணிக்குள் பிட்டு இருக்கிறது என்று நினைத்து அவிழ்க்கச் சொன்னார். காயத்தோடு ஒட்டிப்போன துணி சுலபமாக வருமா? நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "சார், அது அப்பர் தைக்கிற கை. உள்ள ஒண்ணும் இருக்காது" என்றேன்.

"உனக்கு என்னம்மா தெரியும்? தண்ணி குடுத்துட்டுப் போ."

அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னார். வாசலுக்கு வந்து நின்றேன்.

அவிழ்த்தால் ரத்தம்தான் இருந்தது. பேப்பரிலும் சொட்டியது. கையைக் கழுவி, வேறு பேப்பர் வாங்குவதற்குள் நேரம் போய்விட்டது. அப்புறம் பேனாவே பிடிக்க முடியவில்லை. பெரிய கணக்குகளைத் தொடாமலே எழுந்து வந்தாள். ஃபெயில். மறுபடி எழுதலாம் என்றார்கள். அவள் அப்பா காத்திருக்கவில்லை, வயசைக் கூட்டிச் சொல்லி கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

இன்னொருத்தி இப்போது இங்கிருந்தே பஸ்ஸில் போய் வேலூரில் காலேஜ் படிக்கிறாள். படிப்பு, அநியாயம் என்றே கட்டுரை எழுதுவாள். போன மாசம் என் வீட்டுக்கு வந்து அன்றைக்கு நடந்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். இன்னாத்துக்குடி இதையே கிளறுறே என்று கேட்டேன்.

"நீ சொன்னத அவரு காதுல போட்டுக்கல ஆயா. நல்லா படிக்கிற பொண்ணு நான் எழுந்து சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு. என்னையும் வெளிய அனுப்பிட்டா இன்னா பண்றதுன்னு குனிஞ்சு எழுதிட்டே இருந்தேன். நான் பாஸ். அதான் எழுதுறேன்."

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

அவள் எழுதியதைக் காலேஜ் புத்தகத்தில் போட்டார்கள். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்கு வந்த மற்றவளிடம் படித்தாயா என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"நல்லாத்தான் எழுதியிருக்கா ஆயா. ஸ்கூல்ல அவளுக்குக் கட்டுரை எல்லாம் நான்தான் எழுதிக் குடுப்பேன்."

தினமும் காலையில் ஒருத்தி காலேஜ் பஸ்ஸுக்கும் ஒருத்தி கம்பெனி வேனுக்கும் என் வாசலைத் தாண்டிப் போகிறார்கள். படிக்காத என் பேச்சையும் ஒரு பேச்சாக அந்த சார் எடுத்திருந்தால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போயிருப்பார்கள் என்று நினைக்காமல் ஒரு நாளும் நான் கதவைத் திறந்ததில்லை.