மாய இளவரசனிடம் கேட்ட கேள்வி

எங்கள் பாடசாலை நூலகத்தில் ஆங்கில நாவல்கள் ஒரு கண்ணாடி அலுமாரியில் பூட்டிக் கிடந்தன. வீட்டில் ஆங்கிலம் கதைக்கிற பிள்ளைகளுக்கு மட்டுமே அது திறக்கும். குருநகர் மீனவர் தெருவில், எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஆனாலும் போய்க் கேட்டேன்.

நூலகத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தடித்த புத்தகத்தைத் தந்தார். "ரெண்டு கிழமை. வாசிச்சிட்டு வந்து கதையை எனக்கு இங்கிலீசிலை சொல்லும். சொன்னால் அலுமாரி முழுக்க உமக்கு. இல்லாட்டில் திரும்பக் கேக்கக் கூடாது."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற டொக்டரின் மகள் அதை ஏற்கெனவே வாசித்தவள். "டிக்சனரியையும் தூக்கிக்கொண்டு போம்," என்றாள். தூக்கிக்கொண்டுதான் போனேன்.

மனிதப் பெண்ணொருத்தி மாய உலகத்து இளவரசனைக் காதலித்துக் கலியாணம் செய்கிற கதை. அந்த உலகத்தவர்களை அகராதி தேவதைகள் என்றது. சிறகும் இல்லை, இரக்கமும் இல்லை. நெடிய, அழகான, இரும்பைக் கண்டால் நடுங்குகிறவர்கள். பின்னேரங்களில் அம்மா இறால் கோது உடைக்க, பக்கத்தில் இருந்து வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"இரும்புக்குப் பயமெண்டால் பேய்தான்," என்றார் அம்மா. "வடிவான பேய். மிச்சத்தைச் சொல்லு."

பத்தாம் நாள் அந்த இடம் வந்தது. விடியற்காலை இளவரசன் குதிரையில் ஏறுகிறான். வாசலில் நின்று அவள், எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறாள். அவன் முகம் வெளிறுகிறது. போனவன் திரும்பவே இல்லை. ஏன் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

அம்மாவின் கை நின்றது. "அவளுக்கு விசரே? வெளிக்கிடுற மனிசனை மறிச்சு எங்கை எண்டு கேப்பாளே?"

அப்பா கடலுக்குப் புறப்படும்போது எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடற்படைப் படகுகள் சுற்றித் திரிந்த மாதங்களில்கூட, சோற்றுப் பொதியைக் கொடுத்துவிட்டு அம்மா பேசாமல் உள்ளே போய்விடுவார்.

தவணை முடிந்த பதினாலாம் நாள் சிஸ்டரின் மேசைக்கு முன்னால் நின்று கதையைச் சொன்னேன். இரண்டு இடங்களில் வசனம் தடுக்கியது. நிறுத்தவில்லை. முடித்ததும் சிஸ்டர் கேட்டார்: "ஒரு கேள்விதானே கேட்டவள். அதுக்கேன் அவன் விட்டிட்டுப் போனவன்? அவனுக்கு அலுத்துப்போச்சு எண்டு உவ சொன்னவ." அவர் விரல் வரிசையில் நின்ற டொக்டரின் மகளைக் காட்டியது.

"இல்லை சிஸ்டர். பயணம் போறவரை அப்பிடிக் கேட்டால் போற வழி மறிபடும், போனவர் திரும்பி வரேலாது. எங்கடை அப்பாவை நாங்கள் கேக்கிறேல்லை. அவன் விட்டிட்டுப் போகேல்லை. அவனாலை வர முடியேல்லை. அவன்ரை உலகத்திலை சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அதாலைதான் அவளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை." அதை ஆங்கிலத்திலும் சொன்னேன்.

சிஸ்டர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தார். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்தார்.

"எது வேணும்?"

"மேல் தட்டிலை, இடப்பக்கத்திலை இருந்து தொடங்கிறன், சிஸ்டர்."

வரிசை எனக்காகக் காத்து நின்றது. நான் அவசரப்படாமல் ஆறுதலாகவே எடுத்தேன்.