வலப்பக்கம் நான் பார்க்கிறேன்

பின்னோக்கி வந்த ஃபோர்க்லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், இரும்பு அலமாரியில் மோதி நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஓசூரில் நான் தர ஆய்வாளராக இருந்த தொழிற்சாலை அது. ஓட்டுநரின் தலை வலது தோளில் சரிந்திருந்தது. ஓடிப்போய் நிமிர்த்தியதும் கண் விழித்து, "இன்னா ஆச்சு சார்?" என்றார். அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. சூப்பர்வைசர் முதல் வேலையாக அவர் வாயை முகர்ந்து பார்த்தார்.

ஓட்டுநர் கல்லாவி ஊர்க்காரர், பீடிகூடப் பிடிக்காதவர். ஆனாலும் குடிகாரர் என்ற பேச்சு கேண்டீன்வரை போய்விட்டது. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எதையும் எண்ணிப் பழகிய எனக்கு மூன்று என்ற கணக்குதான் தெரிந்தது, காரணம் பிடிபடவில்லை. பெங்களூரு மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். அவர் மனைவிதான் டாக்டரிடம் சொன்னார்: "ஊட்டுல பின்னால இருந்து கூப்ட்டா, சோத்தாங்கைப் பக்கம் திரும்புனாத்தான் தள்ளாடறாரு. இந்தப் பக்கம் திரும்புனா ஒண்ணும் ஆவறதில்ல."

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நான்கு. கழுத்தின் முன்பக்கம் இரண்டு. பின்பக்கம் எலும்புகளுக்குள் நுழைந்து ஏறுபவை இரண்டு. பின்னால் உள்ளவற்றில் வலது குழாய் இவருக்குப் பிறவியிலேயே நூல்போல இருந்தது. இடது குழாயே இரண்டின் வேலையையும் பார்த்துவந்தது. தலையை வலப்பக்கம் முழுக்கத் திருப்பும்போது அதுவும் எலும்பில் நெரிபட்டு, ரத்தம் போகாமல் மயக்கம் வந்தது. "ஒண்ணு சின்னதா இருக்கறது நோய் இல்லீங்க. நிறைய பேருக்கு இருக்கும், தெரியாமலே வாழ்ந்துடுவாங்க" என்றார். அது என்னை மேலும் கலக்கியது. வரைபடத்திலிருந்து மயிரிழை விலகிய பாகத்தையும் ஒதுக்கித் தள்ளிச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்குள் எந்தக் குழாய் எந்த அளவில் இருக்கிறதோ என்ற யோசனை இன்றுவரை ஓயவில்லை.

அவருக்கு அந்தக் கவலை இல்லை. "பொண்டாட்டி கூப்ட்டா திரும்பாதன்னு டாக்டரே சொல்லிட்டாரு சார்" என்று பஸ்ஸில் சிரித்தார். "இத்தினி நாளு மட்டும் திரும்பிப் பாத்துக் கிழிச்சீங்களா?" என்றார் அந்தம்மா.

குடிகாரர் என்ற பெயர் போயிற்று. கூடவே வண்டியும் போயிற்று. கழுத்தை அப்படித் திருப்பாமல் இருந்தால் அறுவைசிகிச்சை வேண்டியதில்லை என்றார்கள். திருப்பாமல் ரிவர்ஸ் எடுப்பது எப்படி? ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். வெளியே வண்டி ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கை தானாக லீவரைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது இருவரும் ஓய்வுபெற்றுவிட்டோம். காலையில் சர்வீஸ் ரோட்டைத் தாண்டி டீ குடிக்கப் போவோம். இடப்பக்கம் அவர் பார்ப்பார், வலப்பக்கம் நான். போன வாரம் எனக்குக் காய்ச்சல். படுத்தபடி ஒவ்வொரு லாரி ஹாரனையும் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே டீயோடு வந்து நின்றார்.

"வலப்பக்கம் யாருய்யா பாத்தது?" என்று கத்தினேன்.

"ஒடம்போட முழுசாத் திரும்பி நின்னு பாத்தேன் சார். ஒரு பைக்குக்காரன், என்னா தாத்தா, ரோட்டுல டான்ஸா ஆடறன்னு கேட்டுட்டுப் போறான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளும் காய்ச்சல் விடவில்லை. மப்ளரைச் சுற்றிக்கொண்டு, அவர் வருவதற்கு முன்பே போய்ச் சாலையோரத்தில் நின்றுகொண்டேன்.