ஆறு திருப்பிக் கொடுத்த விளக்கு

மலேசியாவின் கோத்தா திங்கியில் எங்கள் வீட்டுக்கு ஆடி மாதம் என்றால் மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்கிக் குடிப்பதுதான். ஆடி பதினெட்டு என்று ஒரு நாள் உண்டு, அன்றைக்கு ஆற்றைத் தாயாக நினைத்துக் கும்பிட வேண்டும் என்பதெல்லாம் சித்தி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, தஞ்சாவூர்ப் பக்கம் காவிரிக்கரையில் ஓர் ஊருக்குப் போய்ப் பெண் கட்டிக்கொண்டு வந்தார். வந்து நான்கு மாதமாகியும் சித்திக்கு இங்கே எதுவும் ஒட்டவில்லை. பின்கட்டில் துணி துவைக்கும்போது தனியாக அழுவார். ஆடி கழிந்தும் மனசு மாறவில்லை என்றால் டிக்கெட் போட்டு அவள் அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன் என்று சித்தப்பா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். எனக்குப் பயமாகிவிட்டது. எங்கள் தமிழ்ப்பள்ளியில் நாலு கால் பின்னலோடு போகிறவள் நான் ஒருத்திதான். அந்தப் பின்னல் போடத் தெரிந்தவர் சித்தி மட்டும்தான்.

ஆடி பதினெட்டுக்கு முதல் நாள் காலையில் சித்தி அம்மாவிடம் வந்து நின்றார். கல்யாணமான முதல் ஆடியில், மூத்த சுமங்கலி ஒருவர் ஆற்றங்கரையில் வைத்துப் புதுத் தாலிக்கயிறு மாற்றிக் கட்ட வேண்டுமாம்.

“எனக்கு இங்க நீங்கதான்க்கா. ஆறு நல்லாப் பெருகி வரணும்னு கும்பிட்டுட்டுக் கட்டிக்குவோம்.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“இதுக்கு மேலயும் பெருகணுமா? அந்த ஆத்துப் பேச்ச என்கிட்ட எடுக்காத.”

அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் ஆறு எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்துவிட்டுப் போயிருந்தது. மேட்டிலிருந்த பள்ளி மண்டபத்தில் ஒன்பது நாள் படுத்திருந்தோம். திரும்பி வந்தபோது சாமி படங்களெல்லாம் சேறு. அம்மாவின் கல்யாணப் படத்தில் அப்பாவின் வேட்டி மட்டும் தெரிந்தது. அதிலிருந்து அம்மா ஆற்றங்கரைக்கே போவதில்லை. பாலத்தில் பஸ் போகும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மறுநாள் அப்பாவும் சித்தப்பாவும் வேலைக்குப் போன பிறகு, சித்தி என்னை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். லிமாவ் கஸ்தூரி என்ற இந்த ஊர்ச் சின்ன எலுமிச்சையைப் பிழிந்த சோறும் தேங்காய்ச் சோறும் என் கையில். தாம்பாளத்தில் மஞ்சள், பூ, கருகமணி. காதோலை இங்கே கிடைக்காததால் தென்னங்குருத்தைச் சுருட்டி வைத்திருந்தார். படித்துறையில் மண்ணால் பிள்ளையார் பிடித்து, பூஜை முடித்து, வாழைமட்டையில் விளக்கு ஏற்றித் தண்ணீரில் விட்டார்.

மட்டை பத்தடி போனது. நின்றது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வந்த வழியே திரும்பி, எங்களைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கமாகப் போய்ப் புல்லில் ஒதுங்கியது. சித்தி எடுத்து வந்து மறுபடியும் விட்டார். மறுபடியும் அதேதான். பக்கத்தில் மீனுக்கும் ராட்சத இறாலுக்கும் தூண்டில் போட்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தூண்டிலைச் சுருட்டி வழிவிட்டார். மூன்றாம் முறையும் விளக்கு திரும்பி வந்தது.

சித்தி படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இந்தத் தாய் என் கையால வாங்க மாட்டேங்குறாடா கண்ணு. நான் எங்கம்மாகிட்டயே போயிடுறேன்.”

நான் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில், ஆறு விளக்கை வாங்க மாட்டேன் என்கிறது, சித்தி ஊருக்குப் போகிறார் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுப்பை அணைத்தார். சாமி மேடையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கட்டியிருந்த கைலியோடு கிளம்பினார்.

கரையில் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி, சித்தி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கடல் ஏறுது, புள்ள. ஏறுற நேரத்துல இந்த ஆறு பின்னாலதான் ஓடும். உன் காவேரி அப்படி இல்லயா?”

சித்தி இல்லையென்று தலையாட்டினார். காவிரி ஒருநாளும் பின்னால் போனதில்லையாம்.

“இது ரெண்டு பக்கமும் போவும். கொஞ்ச நேரம் உக்காரு. கடல் எறங்கட்டும், நீ கூப்பிட்டாக்கூட நிக்காது.”

உட்கார்ந்திருந்தோம். ஆடியில் தண்ணீர் வந்தால்தான் அவர்கள் ஊரில் நாற்று நட முடியும், வராத வருடம் அவருடைய அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார் என்று சித்தி சொன்னார். வெள்ளத்தில் சாமி படங்களைத் தலையில் வைத்துக்கொண்டு போகாமல், என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதை அம்மா சொன்னார். சாமியை விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்று இன்னும் உறுத்துகிறது என்றார். சாமிதானேக்கா இவளத் தூக்கச் சொல்லியிருக்கும் என்றார் சித்தி. அம்மா கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் தேங்காய்ச் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

தண்ணீர் அசையாமல் நின்றது. பிறகு ஒரு சருகு மெதுவாகக் கடல் பக்கம் நகர்ந்தது. சித்தி விளக்கைப் புதிதாக ஏற்றிக்கொண்டு, இங்கே என்ன கேட்டுக் கும்பிடுவது என்று அம்மாவைக் கேட்டார்.

“அளவா வா தாயேன்னு கேளு. போதும்.”

இரண்டு பேரும் சேர்ந்தே மட்டையைத் தள்ளிவிட்டார்கள். அது திரும்பிப் பார்க்காமல் பாலத்துக்கு அடியில் போய் மறைந்தது. அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் புதுக் கயிற்றைச் சித்தியின் கழுத்தில் கட்டினார். அதன் பிறகே பழையதைக் கழற்றி ஆற்றில் விட்டார். அன்று மாலை சித்தப்பா வந்தபோது வீட்டில் தேங்காய்ச் சோறுதான் குறைவாக இருந்தது. டிக்கெட் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

இப்போது எங்கள் ஊரில் ஏழெட்டுக் குடும்பங்கள் ஆடி பதினெட்டுக்கு ஆற்றுக்கு வருகின்றன. சித்தப்பா பஞ்சாங்கத்தில் ராகு காலம் பார்த்த கையோடு, கைப்பேசியில் கடல் இறங்கும் நேரமும் பார்த்துச் சொல்வார். இரண்டும் ஒத்து வந்தால்தான் விளக்கு. அம்மன் புண்ணியத்தில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.

அம்மாவை அன்று ஆற்றங்கரைக்குக் கூட்டி வந்தது நான்தான் என்று பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவும் ஆமாம் என்றே சொல்வார். போன ஆடியில், அந்த வெள்ளத்துக்குப் பின் பிறந்த என் தம்பியின் மனைவிக்குக் கயிறு மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. மஞ்சளைக் குழைத்து நூலில் பூசிக் கொடியில் போட்டேன். எங்கள் ஊர் ஈரக்காற்றில் அது காய்வதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது. காய்ந்த கயிற்றைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று அம்மா கட்டிய கயிற்றிலும் ஈரமே இல்லை. முதல் நாள் காலையில் சித்தியை அப்படிப் பேசி அனுப்பிவிட்டு, நறுக்கிய காயை அப்படியே வைத்துவிட்டு, அம்மா அப்போதே மஞ்சளைக் குழைத்திருக்க வேண்டும்.