அடக்கிய தும்மலும் அம்பாள் தந்த காதும்

நானும் என் மகளும் அன்றே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள். எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு சாயங்காலம். நாலு வயது மீனாவைக் கையில் பிடித்துக்கொண்டு பாண்டி பஜாரில் தெருவைக் கடந்தேன். ஹாரன் சத்தம் கேட்டது. வலப் பக்கம்தான் பஸ் வருகிறது என்று நினைத்து இடப் பக்கம் ஒதுங்கினேன். பஸ் வந்ததே இடப் பக்கத்திலிருந்துதான். யாரோ ஒரு புண்ணியவான் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பஸ் என் வேட்டியை உரசிக்கொண்டு போனது. மீனா வீறிட்டு அழுதாள். அந்த அழுகையும் வலது காதில் மட்டும்தான் கேட்டது.

இடது காதில் ஏதோ கோளாறு என்று எனக்கு முன்பே தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. ஒரு மாதமாகவே காது அடைத்திருந்தது. பிறகு சீழ் வந்தது. என் மனைவி செண்பகம் ஒருநாள் தலையணையைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க, கருவாடு நனைஞ்ச மாதிரி வாடை அடிக்கு. இன்னும் எத்தனை நாள் பஞ்சை வச்சு மறைப்பீங்க?" என்றாள்.

தியாகராய நகரில் ஒரு பட்டுக் கடையில் எனக்கு விற்பனை வேலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து சேர்ந்த முதல் நாளே எங்கள் முதலாளி அண்ணாச்சி ஒரு விஷயம் சொல்லிவிட்டார். முகூர்த்தப் பட்டை விரித்த பிறகு ஒற்றைத் தும்மல் விழுந்தால் அபசகுனம். பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். தும்மியவன் அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவன் அப்படித்தான் ஏறினானாம்.

எனக்கோ புதுத்துணி வாடையும் தூசியும் பட்டால் மூக்கு சும்மா இருக்காது. தும்மல் கிளம்பும்போதே மூக்கை இறுகப் பிடித்து, வாயை மூடி, உள்ளேயே வெடிக்க விடுவேன். காதுக்குள் 'டப்'பென்று அடைக்கும். பட்டின் முன்னால் மூக்கைச் சிந்தவும் முடியாது என்பதால் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே நிற்பேன். நாலு வருஷம் இப்படி. கடைப் பையன்கள் 'தும்மாத சுப்பையா' என்று கேலி செய்வார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

பஸ் உரசிய பிறகுதான் செண்பகத்தோடு மயிலாப்பூரில் ஒரு காது டாக்டரிடம் போனேன். அவர் காதைத் தொடுவதற்கு முன்னால் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்து உட்கார்ந்ததிலேர்ந்து எட்டுத் தடவை உறிஞ்சிட்டீங்க. ஒவ்வொரு தடவையும் காதுச் சவ்வை உள்ளே இழுக்கிறீங்க. தும்மலை அடக்கினா மூக்குச் சளி காதுக்குள்ளே ஏறுது. உங்க காதை நீங்களேதான் கெடுத்திருக்கீங்க," என்றார்.

சவ்வு உள்ளே ஒட்டிக்கொண்டால் எலும்பை அரிக்குமாம். அந்த எலும்புக்கு அடுத்து மூளை. ஆறு வாரம் சொட்டு மருந்து விட வேண்டும், தும்மலை அடக்கக் கூடாது, உறிஞ்சக் கூடாது, சிந்தினாலும் ஒவ்வொரு துவாரமாக மெதுவாகச் சிந்த வேண்டும். அப்படியும் சீழ் நிற்காவிட்டால் ஆபரேஷன். மூளை என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் செண்பகம் கேட்டுக்கொண்டதுதான்.

கார்த்திகை பிறந்துவிட்டது. மார்கழிக்கு முன்னால் தை முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் கூட்டம். தும்மினால் வேலை போகும். அடக்கினால் உயிரே போகும். வெள்ளிக்கிழமை கற்பகாம்பாள் சன்னதியில் நின்று வாய்விட்டு அழுதேன். "தாயே, எனக்கு வழி தெரியல. நீதான் பாத்துக்கணும்," என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாள் அபிராமபுரத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். அரக்குப் பட்டை விரித்தேன். இருவருக்கும் பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மூக்கு குறுகுறுத்தது. பழக்கத்தில் கை மூக்குக்குப் போனது. மூளை என்ற சொல் ஞாபகம் வந்தது. பாதியில் இரண்டு கையையும் கூப்பி, முகத்தைத் திருப்பி, "தாயே" என்றேன். தும்மிவிட்டேன்.

கல்லாவில் அண்ணாச்சி எழுந்து நின்றார். இரட்டைத் தும்மல் என்றால் நல்ல சகுனம்; இன்னொன்று வந்துவிடாதா என்று ஏங்கினேன். வரவில்லை. பெண்ணின் அம்மா புடவையிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஊருக்கு பஸ் ஏறும் செண்பகமும் மீனாவும் என் கண்முன் நின்றார்கள்.

அப்போது அந்தப் பெண் தும்மினாள். மடியில் கிடந்த புதுப்பட்டின் வாடைதான் காரணம் என்று உலகம் சொல்லட்டும். அம்மாவின் முகம் மலர்ந்தது. "இரட்டைத் தும்மலாயிடுத்து. இதையே கட்டிக் கொடுங்கோ," என்றார். "பில் போடச் சொல்லுல," என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணாச்சி உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் கூப்பிட்டு விசாரித்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பருத்திப் புடவைப் பக்கம் மாற்றினார். அங்கே யார் தும்மினாலும் யாரும் கேட்பதில்லை.

ஆறு வாரமும் பயந்துகொண்டேதான் இருந்தேன். தினமும் காலையில் தலையணையைத் தொட்டுப் பார்ப்பேன். தை பிறந்தபோது அது காய்ந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வெள்ளியில் ஒரு காது செய்து அம்பாளுக்குச் செலுத்தினேன். பழைய கூர்மை திரும்பவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சன்னதியில் மீனா என் இடது தோளில் சாய்ந்து, "அப்பா, பசிக்குது," என்று முணுமுணுத்தாள். கேட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இதைப் படிக்கிற அன்பர்களே, நாலு வருஷம் ஒரு பயத்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தவன் சொல்கிறேன். டாக்டர் சொல்வதைத் தட்டாதீர்கள். பயம் வரும்போது அந்தக் கையை எடுத்து அம்பாளைக் கும்பிடுங்கள். மீதியை அவள் யார் மூக்கு வழியாகவாவது நடத்திக் கொடுப்பாள்.