வெள்ளகோவிலில் ஒரு கையெழுத்து

ஞாயிறு காலை ஏழு பத்துக்குத் திருப்பூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து வெள்ளகோவில் பஸ் கிளம்பியது. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் நாற்பது ரூபாய். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து பத்து நாளாகியும் பனியன் கம்பெனிகளின் மதில்களைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த பெண்கள் கபடிப் போட்டி நோட்டீஸைப் பார்த்துத்தான் புறப்பட்டேன்.

பஸ்ஸில் ஒரே நிற டீ-ஷர்ட் அணிந்த ஏழு பெண்கள் இருந்தார்கள். ஒரு பனியன் கம்பெனியின் அணி. தலைவி சாந்தி, தையல் பிரிவில் வேலை செய்பவர், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“மாத்து ஆளே இல்லீங்களா?” என்றேன்.

“இல்லீங்க. ஷிப்மெண்ட் அவசரம்னு மத்தவங்கள விடலீங்க. இந்த ஏழு பேருக்கே சூப்பர்வைசர்கிட்ட ஒரு வாரமா நின்னேனுங்க.”

ஜன்னலோரம் ஒடிசாவைச் சேர்ந்த லட்சுமி இருந்தார். நாலு வருடமாகத் திருப்பூரில் வேலை. முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டே, “அண்ணா, நான் ரைட் கார்னர். புடிச்சா விட மாட்டேன்” என்று சிரித்தார்.

எட்டரைக்கு வெள்ளகோவிலில் இறங்கினோம். போட்டி நடந்த கல்லூரி மைதானம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். நான்கு அணிகள். செம்மண் தரையில் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் கம்பங்கூழ் விற்பனை.

ஒன்பதரைக்கு நடந்த முதல் ஆட்டத்தில் லட்சுமி சொன்னபடியே செய்தார். பாடி வந்தவர்களின் கணுக்காலை அவர் பிடித்தால் பிடித்ததுதான். சாந்தியின் அணி எளிதாக வென்றது. அடுத்த ஆட்டத்தில் உள்ளூர்க் கல்லூரி அணி வென்று, இறுதிப் போட்டியில் சாந்தியின் அணிக்கு எதிராக நின்றது.

பதினொன்றே காலுக்குச் சிக்கல் வந்தது. லட்சுமியின் ஆட்டத்தைப் பார்த்திருந்த கல்லூரிப் பயிற்சியாளர் நேரே அமைப்பாளரிடம் போனார். ஆட்டக்காரர்களின் ஆதார் முகவரி மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. லட்சுமியின் அட்டையில் ஒடிசா. ஏழு பேர் இல்லாத அணி ஆட முடியாது. ஆடாமலேயே கோப்பை கல்லூரிக்குப் போய்விடும்.

“சார், இந்த ஒரு ஆட்டம் மட்டும்” என்று சாந்தி கெஞ்சினார். லட்சுமி முழங்கால் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினார்.

அமைப்பாளர் தலையைச் சொறிந்தார். “எதிர் அணி கேப்டன் ஆட்சேபம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டா விடலாமுங்க. வேற வழி இல்லீங்க.”

கல்லூரி அணியின் தலைவி நந்தினி, மூலனூர்ப் பெண், கடைசி வருட மாணவி. வெல்லும் அணிக்குக் கோவையில் அடுத்த சுற்று. தோற்றால் கல்லூரிச் சீருடையில் அவருக்கு இதுவே கடைசி ஆட்டம். பயிற்சியாளர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

நந்தினி லட்சுமியிடம் வந்தார். “அக்கா, எங்க இருக்கறீங்க?”

“காங்கயம் ரோடு ஹாஸ்டல்.”

“தீபாவளிக்கு ஊருக்குப் போவீங்களா?”

“போன வருசம் போகல. லீவு இல்ல.”

நந்தினி அவிழ்ந்து தொங்கிய முழங்கால் பட்டையைப் பார்த்தார். பிறகு அமைப்பாளரிடமிருந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பயிற்சியாளர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டு மணி வெயிலில் இறுதி ஆட்டம். கடைசி நிமிடம் வரை எந்த அணியும் மற்றதைவிட இரண்டு புள்ளிக்கு மேல் முந்தவில்லை. சாந்தியின் அணி ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தபோது நந்தினி கடைசியாகப் பாடிப் போனார். ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிக் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். லட்சுமி குப்புற விழுந்து அவர் கணுக்காலைப் பிடித்தார். நந்தினியின் விரல்கள் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் மண்ணைப் பிறாண்டின. விசில். கோப்பை சாந்தியின் அணிக்கு.

முதலில் எழுந்த லட்சுமி கை கொடுத்து நந்தினியைத் தூக்கிவிட்டார்.

ஒரு மணிக்குக் குழாயடியில் நந்தினி முகம் கழுவிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“கையெழுத்துப் போட்டதுக்கு வருத்தமாம்மா?” என்று கேட்டேன்.

“பொய் சொல்ல மாட்டனுங்க, வருத்தந்தானுங்க. இப்பத்தான் அழுதுட்டு வர்றேன். இன்னொருக்கா கேட்டா போடுவனான்னு தெரியலீங்க.” துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தார். “அந்தக்கா பட்டையை அவுத்தாங்க பாருங்க, அதைப் பாத்துட்டு நிக்க முடியலீங்க. ஏனுங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

கைபேசி அடித்ததுபோல் பையைத் துழாவிக்கொண்டே நகர்ந்துவிட்டேன்.

இரண்டு மணிக்குத் திருப்பூர் பஸ். காங்கயம் தாண்டும்வரை சாந்தியின் கூட்டம் பாட்டும் கைத்தட்டலுமாக வந்தது. லட்சுமி யாரிடமோ ஒடியாவில் செய்தி சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் ஊர் நினைவு.

எங்கள் ஊர் கைப்பந்து மன்றத்துக்கு நான் பல வருடம் செயலாளர். ஒருமுறை எதிரணியில் ஒரு உப்பளத் தொழிலாளி ஆடினார். ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவர் அடித்த பந்தை எங்களால் எடுக்கவே முடியவில்லை. இடைவேளையில் நான்தான் நடுவரிடம் புகார் எழுதிக் கொடுத்து ரேஷன் கார்டைக் கேட்கச் சொன்னேன். வெளியூர் கார்டு என்று அவரை வெளியேற்றினார்கள். நாங்கள் வென்றோம். அவர் ஆட்டம் முடியும்வரை கோட்டுக்கு வெளியே நின்று தன் அணிக்குக் கைதட்டினார்.

அந்தக் கோப்பை மன்றத்து அலமாரியில் இன்னும் இருக்கிறது. புகார்த் தாளில் அவர் பெயரை என் கையால்தான் எழுதினேன். திருப்பூர் வந்து இறங்கும்வரை யோசித்தும் அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை.