மதகிலிருந்து இருபத்து மூன்று காலடி

மரக்காணத்து உப்பளங்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கி எழுதாமல் விட்ட புத்தகம் ஒன்று உண்டு. அதற்காக 2005-இல் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போவேன். பழைய ஆவணங்கள் கிடந்த அறையில் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். "பழைய பேப்பர்காரர் கெளம்பிட்டாரு" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். பள்ளியில் வரலாறு நடத்துகிறவன் என்ற திமிர் எனக்கு அப்போது உச்சியில் இருந்தது. ஊர்க்காரர்கள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வேனே தவிர நம்ப மாட்டேன். தாளில் இருந்தால்தான் உண்மை.

அந்தப் பங்குனியில் உப்பளத் தொழிலாளிப் பெண் ஒருத்தி பள்ளிக்கே என்னைத் தேடி வந்தாள். அவளுடைய மகள் என் வகுப்பில் பத்தாவது படித்தவள். முந்தைய டிசம்பரில், சுனாமி அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தப் பிள்ளை மீன் வாங்கக் கடற்கரையோரத்து அனுமந்தைக்குப் போயிருந்தாள். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. உப்பளத்தின் ஓரத்தில் ஒரு மேடு இருக்கிறது. அவர்கள் குடியிருப்பின் பிணங்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கேதான். அவளையும் அங்கே புதைத்தார்கள்.

"பக்கத்து உப்பளத்துக்காரரு அந்த மேட்டை வெட்டிப் பாத்தி போடப் போறாராம் சார். தாலுகா ஆபீஸ்ல கேட்டா, சுடுகாடுன்னு எந்தப் பேப்பர்ல இருக்குதுன்னு கேக்கறாங்க. நீங்கதான் பழைய பேப்பரெல்லாம் பாக்கறீங்களாமே. ஒண்ணு எடுத்துக் குடுங்க சார்."

நான் யோசிக்கவே இல்லை. அன்றே மனு எழுதினேன். 'பழைய நில அளவைப் பதிவேட்டின்படி தீர்ப்பளிக்க வேண்டுகிறோம்' என்று அழுத்தமாக ஒரு வரி சேர்த்தேன். அந்தப் பதிவேட்டை நான் அதுவரை கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவள் கைநாட்டு வைத்தாள்.

இரண்டு சனிக்கிழமைகள் தேடிப் பதிவேடு கிடைத்தது. அந்த மேட்டின் எண்ணுக்கு நேரே 'உவர் தரிசு' என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: மயானம் இல்லை என ஊரார் கூறினர். ஐந்து கைநாட்டுகள். முதல் பெயர் அவளுடைய தாத்தாவுடையது.

அவர்கள் குடியிருப்புக்குப் போய்க் கோபமாகத்தான் கேட்டேன். உப்பள வேலையை விட்டுவிட்ட ஒரு பெரியவர் பதில் சொன்னார்.

"பொணம் பொதைக்கிற எடத்து உப்ப எந்த வியாபாரி வாங்குவான்? மழை பேஞ்சா மேட்டுத் தண்ணி பாத்திக்குத்தானே எறங்குது? வியாபாரி வரலன்னா எங்களுக்கு வேல ஏது? அதான் யார் வந்து கேட்டாலும், இங்க அதெல்லாம் இல்லன்னு சொல்லிடுவோம். சர்வே பண்ண வந்தவங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

பிறகுதான் மற்றதெல்லாம் விளங்கியது. சாவு மேளம் மேட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிடும். கல் நடுவதில்லை, மாலை போடுவதில்லை. மண்ணைத் தள்ளி மூடி, உப்பு வாரும் பலகையால் தட்டி மட்டமாக்கிவிடுவார்கள். ஒரு வருஷம் யாரும் அந்தப் பக்கம் போய் நிற்கக் கூடாது. புதைத்த இடத்தை மதகிலிருந்து காலடி எண்ணித்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். மகளைப் புதைத்த மண்ணையும் அந்தத் தாயேதான் பலகையால் தட்டியிருக்கிறாள்.

மனுவைத் திரும்பப் பெறலாம் என்று ஓடினேன். அதற்குள் பதிவேட்டின் நகல் அதிகாரியின் மேசைக்குப் போய்விட்டது. கேட்டு எழுதியவனே நான்தான்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு காலையில் விசாரணைக்கு அதிகாரி மேட்டுக்கே வந்தார். ஊரார் பயந்து சொன்ன பொய் அது என்று நான் விளக்கினேன். அவர் கெட்டவரில்லை, பொறுமையாகவே கேட்டார். "அப்போ பொய் சொன்னாங்க, இப்போ உண்மை சொல்றாங்கன்னு நான் எதை வெச்சு நம்பறது சார்?" என்றார். என் வகுப்பில் நானே எத்தனையோ முறை கேட்ட கேள்வி அது.

பிறகு அவளிடம் திரும்பினார். "உன் பொண்ணைப் பொதச்ச எடத்தக் காட்டும்மா."

அவள் மதகுக்குப் போனாள். அதற்கு முதுகைக் காட்டி நின்று, மேற்கே பார்த்து எண்ணி நடந்தாள். உதடு மட்டும் அசைந்தது. பதினைந்தாவது காலடியில் வரப்பு முடிந்தது. அவள் நிற்கவில்லை. இருபத்து மூன்றாவது காலடியில் பாத்தியின் நடுவே, கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்றாள். மேடு அவளுக்கு இடப்பக்கம் தள்ளி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மதகு இது இல்லீங்க! கோடையில வடக்கால தள்ளிக் கட்டிட்டாங்க!" என்று பெரியவர் கத்தினார். வருஷம் முடியாததால் அவள் அந்தப் பக்கமே வந்திருக்கவில்லை. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் உப்பளத்துக்காரரின் ஆள் சிரித்துவிட்டான், கூட வந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

தை மாதம் மேட்டை வெட்டினார்கள். எலும்பு வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

2006 கோடையில் சைக்கிளில் அந்த வழியாகப் போனேன். மேடு இருந்த இடத்தில் பாத்திகள் வெள்ளையாக விளைந்திருந்தன. அவள் அங்கே வெறுங்காலோடு நின்று பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. வரப்பில் சைக்கிளை நிறுத்தி, "இங்கயாம்மா வேலைக்கு வர்ற? வேற உப்பளமே இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் பலகையை நிறுத்தவில்லை.

"யாராவது ஒருத்தர் இங்க மிதிக்கத்தான சார் போறாங்க" என்றாள். "அது நானா இருந்துட்டுப் போறேன்."